பேச வைக்கத் தெரிந்தவள்

செப்டம்பர் பதினெட்டாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்குப் பிந்துவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. நான்கு மணிச் செய்திக்கான தலைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் வேறு. முந்தின வாரம்தான் அவள் எடுத்த எட்டு நிமிடப் படத்தைப் பெங்களூரில் ஒரு திரையிடலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைச் சொல்ல இரண்டு முறை அழைத்தாள். 'கங்கிராட்ஸ்' என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவளுடைய இன்னொரு நல்ல செய்தியைக் கேட்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

மூன்று பதினான்குக்கு மறுபடி அடித்தது. மூன்று இருபதுக்கு மூன்றாவது முறை. எடுத்து, "ஹவ், சொல்லுடி, வேலையா இருக்கேன்" என்றேன்.

"நான் பிந்து அப்பா பேசறேம்மா. ஜம்புநாதன்."

டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி. மத்தியானம் ஒன்றரைக்கு முடிந்துவிட்டது. நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறோம் என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல, "அவ போன்ல கடைசியா யார் யாருக்குப் பேசியிருக்கான்னு பாத்து வரிசையா கூப்பிட்டுட்டு இருக்கேன். உன் பேர்தாம்மா மேல இருந்துச்சு" என்றார்.

பிந்துவுக்கு இருபத்தாறு வயது. ஹைதராபாத்தின் மௌலா அலியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மாவோடு இருந்தாள். அப்பாவுக்குத் திருச்சியிலிருந்து மாற்றலானபோது அவள் ஆறாம் வகுப்பு. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாமல் முதல் ஒரு வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். "மத்தவங்க வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பேன் ரோகி. யார் எப்போ பொய் சொல்றாங்கன்னு அப்பவே தெரிஞ்சுடும்" என்பாள். ரோகிணி என்ற என் பெயரை அவள் அப்படித்தான் சுருக்குவாள். நான் செகந்திராபாத்தில் ஐந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு ஊரில் உள்ள எல்லா மொழியும் தெரியும். எல்லாவற்றிலும் பேசிக்கொண்டே இருப்பேன்.

நானும் அவளும் சேர்ந்து படித்த ஊடகவியல் முதுகலையில் இரண்டாம் ஆண்டு வகுப்பு கிடையாது. ஜூலையிலிருந்து ஜூன் வரை ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். கச்சிபௌலியில் இருந்த ஒரு தெலுங்குச் செய்திச் சேனலுக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அங்கே எங்களுக்கு மேலாளர் வெங்கட். சென்னைக்காரர். மற்றவர்களைத் தெலுங்கில் திட்டுவார், எங்கள் இருவரை மட்டும் தமிழில்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "ரெண்டு பேர் வந்திருக்கீங்க. வருஷக் கடைசியில நாற்காலி ஒண்ணுதான். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக்கூடாது."

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அந்த வருடம் முழுவதும் வேறு எதையும் நான் நினைத்ததில்லை.

பிந்து மௌலா அலியிலிருந்து பஸ், செகந்திராபாத்திலிருந்து லோக்கல் ரயில், பிறகு ஷேர் ஆட்டோ என்று இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருவாள். நான் ஸ்கூட்டரில் வருவேன். ஆனாலும் நான் போகும்போது அவள் முகம் கழுவி, தலை வாரி, முதல் நாள் காட்சிகளில் பாதியைப் பார்த்து முடித்திருப்பாள். அவள் களைப்பைப் பார்த்தால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கும். அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு களைப்பு இருந்தது, அதையும் அவள் சொல்லமாட்டாள்.

கேமரா முன்னால் ஒருவர் பேசுவதை நாங்கள் பைட் என்போம். தெருவில் நிற்கிறவரிடம் மைக்கை நீட்டி பைட் வாங்குவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முதல் வேலை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஹைதராபாத்தில் பிறந்த எல்லோருக்கும் உள்ளதுதான். எதிரில் இருப்பவர் பேசப் பேச, ஆமாம் ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தையான 'ஹவ், ஹவ்' என்று சொல்லாமல் எங்களால் கேட்கவே முடியாது. நேரில் அது மரியாதை. மைக்கில் அது நாசம். ஒரு முதியவர் குடிதண்ணீர் வரவில்லை என்று கண்கலங்கச் சொன்ன பைட்டை எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வெங்கட் பெரிய திரையில் போட்டார்.

"ஏம்மா, இதுல அந்தப் பெரியவர் பேசறாரா, நீ பேசறியா? முப்பது செகண்டுல பதினாலு ஹவ். உக்காந்து எண்ணினேன். உன் ஹவ்வை வெட்டறதுக்கே தனியா ஒரு எடிட்டர் போடணும் போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது பிந்துவுடையது. ஒரு பூக்காரி நான்கு நிமிடம் பேசினாள். பிந்துவின் சத்தமே இல்லை. அவள் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பூக்காரி பேசி முடித்து, நிறுத்தி, பிந்து அப்போதும் ஒன்றும் சொல்லாததால் இன்னொரு விஷயம் சொன்னாள். அதுதான் அன்றைய செய்தியில் வந்தது.

அன்று சாப்பிடும்போது, "நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வெச்சுக்கோ ரோகி. ஹவ் வராது" என்றாள்.

"நக்கோ, வேண்டாம். உன் டிப்ஸை எல்லாம் நீயே வெச்சுக்கோ."

"கோச்சுக்காதடி. சும்மா சொன்னேன்."

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் செய்து பார்த்தேன். ஹவ் வரவில்லை. அதற்காகவும் அவளைப் பிடிக்காமல் போயிற்று.

ஏப்ரலில் எங்கள் கடைசி வேலையைக் கொடுத்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடச் செய்திக் கதை. அதில் கட்டாயம் ஒரு நல்ல பைட் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்வார்கள். நான் கச்சிபௌலியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் பகல் முழுவதும் எங்கே காத்துக் கிடக்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். பிந்து பட்டான்செருவுக்குப் போனாள், மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வரும் ஷிப்ட் பெண்களை எடுக்க.

எடுத்து வந்த அன்றே அவளுடைய அத்தை பெண் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கேமராவின் மெமரி கார்டை என் கையில் வைத்தாள்.

"இதை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தி லாக் பண்ணி வெச்சிடு ரோகி. தாயம்மாக்கான்னு ஒருத்தங்க பேசியிருக்காங்க பாரு. நீ அழுதுடுவ."

"நானா? ஆளைப் பாரு."

"பாப்போம் பாப்போம்."

லாக் செய்வது என்றால், எடுத்து வந்த ஒவ்வொரு துண்டையும் பார்த்து, எந்த ஊர், என்ன விஷயம், பேசியது யார், எடுத்தது யார் என்று அதற்கு ஒரு பெயர் எழுதுவது. எங்கள் சேனலில் ஒரு நாளைக்கு ஐந்நூறு துண்டுகள் வந்து விழும். அந்தப் பெயரை வைத்துத்தான் பிறகு எதையும் தேட முடியும். பெயர் தப்பினால் துண்டு இருந்தும் இல்லாதது மாதிரிதான். யாரும் பேசாத வெறும் காட்சிகளுக்கு ஜி.வி. என்று பெயர். அவற்றைத் தொண்ணூறு நாளில் அழித்துவிடுவார்கள்.

தாயம்மாள் தர்மபுரிக்காரர். ஆட்டோ ஸ்டாண்டு ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து பதினோரு நிமிடம் தமிழில் பேசியிருந்தார். ஆட்டோவில் ஒன்பது பேர் போவார்களாம். "நடு சீட்டு கெடச்சா தூங்கலாம். ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும், உழமாட்டோம். அந்த சீட்டுக்கு எங்களுக்குள்ள ஒரு மொற வச்சிருக்கோம். புள்ளத்தாச்சி வந்தா அவளுக்கு. இல்லனா மொத நாளு எவளுக்குத் தூக்கம் இல்லியோ அவளுக்கு." அதோடு பேச்சு முடிந்த மாதிரி இருந்தது. பிந்து ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எம்பொண்ணு ஸ்கூல்ல, அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு எழுதச் சொன்னாங்களாம். 'எங்கம்மா தூங்கறாங்க'ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா" என்றார். சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் அழுதேன். அழுததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் ஓட்டுநர்கள் என்னிடம் பெட்ரோலைப் பற்றியும் பார்க்கிங்கைப் பற்றியும் பேசியிருந்தார்கள். ஒருவர்கூட தன் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. நான் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

திரையில் பக்கத்திலேயே என்னுடைய காட்சிகள் இருந்தன. மேம்பாலத்தின் கீழ் எடுத்த வண்டி நெரிசல். அவற்றுக்கெல்லாம் 'கச்சிபௌலி டிராஃபிக் ஜி.வி.' என்று வரிசையாகப் பெயர் கொடுத்துக்கொண்டே வந்தேன். பதினேழாவது துண்டு தாயம்மாள். அதற்கும் அதே பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயரில் எங்கள் கம்ப்யூட்டரில் மூவாயிரம் துண்டுகள் இருந்தன. ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. கை தவறிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். பிறகு மெமரி கார்டைக் கேமராப் பிரிவில் கொடுத்தேன். அவர்கள் வழக்கம்போல் அழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிந்து கல்யாண வீட்டு முறுக்கோடு வந்தாள். ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருந்தது.

"ரோகி, தாயம்மாக்காவைக் காணோமே?"

"கார்டுல ஆட்டோ ஷாட்தான் இருந்துச்சு. அதெல்லாம் ஏத்திட்டேன். பைட் எதுவும் பாக்கலையே."

"ரெக்கார்ட் ஆகலையா? சிவப்பு லைட் எரிஞ்சுதே."

"சில சமயம் அப்படி ஆகும்டி. எனக்கும் ஆயிருக்கு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் பட்டான்செருவுக்குப் போனாள். தாயம்மாளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் வெறுங்கையோடு திரும்பினாள். "அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்காம். அன்னிக்கு வந்துச்சு சொன்னேன், இன்னிக்குச் சொன்னா நடிக்கற மாதிரி ஆயிடும்மாங்கறாங்க. நியாயம்தானே? டீ குடிச்சுட்டு வந்துட்டேன்." வேறு ஒரு பெண் இருபது விநாடி பேசியதை வைத்துக் கதையை முடித்துக் கொடுத்தாள்.

ஜூன் பத்தாம் தேதி நாற்காலி எனக்கு என்று வெங்கட் அறிவித்தார். பிந்து என்னைக் கட்டிக்கொண்டு, "பிரியாணி எப்போ?" என்றாள். வெங்கட் என்னைத் தனியாக அழைத்து, "நீ ஒழுங்கா செஞ்சு கொண்டுவந்துட்ட. அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ ஒண்ணு இருக்கு, இந்தத் தடவை வரல" என்றார். வேலை என் கையில் இருந்தது. அந்த 'என்னமோ ஒண்ணு' அப்போதும் அவளிடம்தான் இருந்தது.

மாத முடிவு வரை அவளும் வந்தாள். பிறகு கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ எடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எதையாவது எடுப்பாள். எடுத்ததை எனக்கு அனுப்புவாள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்புவேன். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

அவள் உடலை எடுக்கிற அன்று குவார்ட்டர்ஸ் வாசலில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பூக்காரிகள், ஆட்டோக்காரர்கள், ரயிலில் தினம் கூட வந்தவர்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று அங்கே நின்று கணக்குப் போட்டேன். எதை நினைத்தேனோ அதைத்தான் எழுதுகிறேன்.

அவள் அம்மா தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே ரோகிணி? எப்பப் பாத்தாலும் உம் பேச்சுதான். ரோகி டிவில இருக்கா, ரோகி டிவில இருக்கான்னு தெருவுக்கெல்லாம் சொல்லுவா."

காரியம் முடிந்த மறுநாள் ஜம்புநாதன் அலுவலகத்துக்கே வந்தார். கீழே வரவேற்பில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு உதவிம்மா. அவ எடுத்த வீடியோ எல்லாம் பாத்துட்டோம். எதுலயும் அவ குரல் இல்ல. மத்தவங்கதான் பேசறாங்க."

"வாய்ஸ் மெசேஜ் இருக்குமே அங்கிள்?"

"இருக்கு. 'லேட்டாகும், சாப்பிடுங்க'ன்னு இருக்கு. அதைச் சொல்லல. வேலை பாக்கறப்ப அவ எப்படிப் பேசுவான்னு எங்களுக்குத் தெரியாதேம்மா. உங்க ஆபீஸ்ல ஒரு வருஷம் இருந்தாளே. எதுலயாவது ரெண்டு வார்த்தை இருக்காதா?"

இருந்தது. தாயம்மாளின் பைட்டில் தொடக்கத்தில் அவள் ஒரு நிமிடம் பேசியிருந்தாள். ஆனால் தொண்ணூறு நாள் கடந்து மூன்று வருடமாகியிருந்தது. "தேடிப் பாக்கறேன் அங்கிள்" என்றேன். நானே அழிய விட்டதைத் தேடுவதாகச் சொல்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆர்க்கைவ் பிரிவில் பழைய காட்சிகளுக்கெல்லாம் பொறுப்பு நஸ்ரின் ஆபா. எங்கள் எல்லோருக்கும் அக்கா மாதிரி. சும்மா பெயருக்குத்தான் கேட்டேன். அவர் பிந்துவின் பெயரைத் தட்டினார். நாற்பது துண்டுகள் வந்தன. அதில் ஒன்று: 'பட்டான்செரு, ஷிப்ட் பெண்கள், தாயம்மாள் பைட், எடுத்தவர் பிந்து.'

"இது எப்படி இங்கே?" என்றேன்.

"கைக்கூ? ஏன் கேக்கற? இருக்க வேண்டிய இடத்துலதானே இருக்கு." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அதன் வரலாற்றைத் திறந்தார். "அரே, இது மொதல்ல கச்சிபௌலி டிராஃபிக்ல இருந்திருக்கு. அந்தப் பொண்ணுகிட்டதான், அவ இங்கேயிருந்து போறதுக்கு முந்தின வாரம், அழிக்கறதுக்கு முன்னாடி அந்தக் குப்பையை எல்லாம் ஒரு தடவை பாருன்னு கொடுத்தேன். மூவாயிரத்தையும் பாத்தா, பாகல், பைத்தியக்காரி. அப்போ மாத்தியிருக்கா."

திருத்தியவர், பிந்து. ஜூன் இருபத்தொன்று, காலை பதினொன்று ஐந்து. அதற்கு மேல் வரியில், முதலில் பெயர் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது.

ஜூன் இருபத்தொன்று எனக்கு நினைவிருக்கிறது. வேலையில் சேரும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்ட நாள். மத்தியானம் அவளோடுதான் சாப்பிட்டேன். தக்காளி சாதம். பாதியை என் தட்டில் வைத்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று வருடமாக நான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்த விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வெங்கட்டிடம் போகவில்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பூக்காரி முன்னால் நின்ற மாதிரியே என் முன்னாலும் நின்றிருக்கிறாள், நானாகச் சொல்லட்டும் என்று. சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கமாட்டேன். அதை நினைத்தபோது வந்தது பழைய பொறாமைதான், புதிதாக ஒன்றும் இல்லை.

முதல் ஒரு நிமிடத்தை வெட்டி ஜம்புநாதனுக்கு அனுப்பினேன். "அக்கா, வெயில்ல நிக்காதீங்க, இப்படி உக்காருங்க. சாப்டீங்களா? பொய் சொல்லாதீங்க, சாப்பிட்ட முகமா இது? சரி, நான் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு எந்த ஷிப்ட்டு?" இவ்வளவுதான் அவள் பேசியது.

சிறிது நேரத்தில் அழைத்தார். "அவ அம்மா நாலு தடவை போட்டுக் கேட்டுட்டா. வீட்லயும் இப்படித்தான் அதட்டுவா." பின்னால் தங்கம் ஏதோ சொல்வது கேட்டது. "அந்தம்மா அப்புறம் என்ன சொன்னாங்கன்னு கேக்கறா. முழுசும் இருக்காம்மா? டிவில வந்துச்சா இது?"

"வரல அங்கிள்."

"ஏம்மா, நல்லா இல்லையா?"

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தப்பித்திருக்கலாம். "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் நான் அதை ஒளிச்சு வெச்சேன். அவளுக்கு வேலை கிடைச்சிடும்னு பயந்து" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அவர் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"முழுசையும் அனுப்பும்மா" என்று கடைசியில் சொல்லிவிட்டு வைத்தார்.

அனுப்பினேன். பிறகு வெங்கட்டின் அறைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. என் வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். அந்தத் துண்டை மட்டும் இரண்டு முறை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிந்துவின் பெயரோடு ஒளிபரப்பலாம், தமிழில் இருப்பதால் கீழே தெலுங்கு ஓட வேண்டும், மொழிபெயர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. பெயரை மாற்றிய அன்றே, அதோடு இணைந்த தாளில், தாயம்மாளின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே பிந்து தெலுங்கில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். பதினோரு நிமிடத்தில் ஏழு நிமிடம் நாற்பது விநாடி வரை எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் காலியாக இருக்கின்றன.